கோடை முடிந்த கையோடு ஒரு தேதி நோட்டு

போன ஊர், படித்த புத்தகம், பார்த்த படம் மூன்றையும் சேர்த்து ஒரு நோட்டு போடுவதென்றால் ஜூன் மாதம் முதல் இரண்டு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நமக்கு மறந்துபோவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குள் டிக்கெட்டே வெளுத்துவிடும். கண்டக்டர் கையிலிருக்கும் மெஷின் கிழித்துத் தரும் சீட்டு, ஓட்டல் பில், பார்க்கிங் சீட்டு எல்லாம் வெப்பத்தில் கறுக்கிற தாள். அதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய சாயம், மெஷினின் சூடு பட்ட இடத்தில் மட்டும் கறுக்கிறது. வெயில், எண்ணெய்க் கை, வளையும் பிளாஸ்டிக் உறை ஆகியவை அந்த எழுத்தைக் கரைத்துவிடும். சானிட்டைசர் பட்டால் தலைகீழாகத் தாள் முழுக்கக் கறுக்கும்.

ஆகவே முதல் வேலை, பையிலும் பர்ஸிலும் சட்டைப் பாக்கெட்டிலும் கிடக்கும் சீட்டுகளை எல்லாம் ஒரு காகிதக் கவரில் போடுவது. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அன்றே ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் ஒரே ஏ4 தாளில் ஏழெட்டுச் சீட்டாக அடுக்கி, கொஞ்சம் ‘டார்க்’ வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நோட்டில் ஒட்டப்போவது அந்த ஜெராக்ஸ்தான். மூலச் சீட்டு கவரிலேயே இருட்டில் கிடக்கட்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று சீட்டை லேமினேட் செய்யக் கொடுப்பவர்கள் உண்டு. லேமினேஷன் மெஷினின் சூட்டில் அது ஒரே நொடியில் கரித்துண்டு நிறத்துக்கு வந்துவிடும், மீட்க வழியில்லை. சுருண்ட சீட்டை இஸ்திரிப் பெட்டியால் நீவினாலும் அதே கதிதான். தடித்த புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் போதும்.

அடுத்தது, நோட்டை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி. பலரும் ஊருக்கு ஒரு பகுதி, புத்தகத்துக்கு ஒரு பகுதி, படத்துக்கு ஒரு பகுதி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஊர்ப் பகுதி போட்டோவால் வீங்கிவிடும். மற்ற இரண்டும் பெயர்ப் பட்டியலாக நிற்கும், பட்டியலை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை. மூன்றையும் ஒரே தேதி வரிசையில் கோர்த்துப் பாருங்கள். ரயிலில் மேல் பெர்த்தில் படித்த நாவல், மறுநாள் ஏறிய மலை, அன்றிரவு லாட்ஜ் டிவியில் இடைவேளை வரை பார்த்த படம் மூன்றும் ஒரே பக்கத்தில் வரும்போது ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வரும். ‘இந்தக் கோடையின் முதல் பத்து’, ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் எல்லாம் பத்திரிகைக்குச் சரி. வீட்டு நோட்டுக்குத் தேதி போதும்.

தேதியை எங்கிருந்து பிடிப்பது

நினைவிலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். பயணத்தில் எல்லோரும் ஒரு நாளாவது தப்பாகச் சொல்வார்கள். போனிலேயே சாட்சி நிறைய இருக்கிறது.

சொந்தக் காரில் போயிருந்தால் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் எடுங்கள். எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று வரிசையாக இருக்கும். பணம் பிடித்த எஸ்எம்எஸ் சில நேரம் தாமதமாக வரும் என்பதால் ஸ்டேட்மென்டில் உள்ள கடந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யுபிஐ கணக்கு இதைவிட நுணுக்கமானது. காலை 6.40க்கு 45 ரூபாய் என்றால் டீ, 8.20க்கு 380 என்றால் டிபன். கடைப் பெயருக்குப் பதில் கடைக்காரரின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்து எந்தக் கடை என்று பிடிப்பதே வீட்டில் ஒரு மணி நேர விளையாட்டு. ரயிலுக்கு, டிக்கெட்டின் பிடிஎஃப் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று தேடுங்கள். பயணம் முடிந்த பிறகு பிஎன்ஆர் எண்ணைத் தட்டிப் பார்த்துப் பிரயோசனமில்லை, சில நாளில் விவரம் நீங்கிவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போனவர்களிடம் இ-பாஸ் இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் தேதியும் வண்டி எண்ணும் இருப்பதால் அதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். கூகுள் மேப்ஸின் டைம்லைனை நம்பியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பதிவு இப்போது போனுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. போன் மாற்றும்போது பேக்கப் எடுக்காவிட்டால் போனதுதான்.

போட்டோவில்தான் தேதிக் குழப்பம் அதிகம், இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போன் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரம், சில நேரம் இடமும்கூட, தானாகப் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரில் ‘டபிள்யூஏ’ என்று வருகிறதா பாருங்கள். வந்தால் முன்னால் இருக்கும் எட்டு இலக்கத் தேதி வாட்ஸ்அப்பில் வந்த நாள், படம் எடுத்த நாள் அல்ல. மே 9ஆம் தேதி எடுத்ததை அத்தை ஜூன் 2ஆம் தேதி குரூப்பில் போட்டால் அது ஜூனில் போய் உட்காரும். குரூப்பில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அப்போதுதான் மூலப்படம் அப்படியே வரும். எச்டி என்று தேர்ந்து அனுப்பினால் தெளிவு கூடும், ஆனாலும் மூலத்துக்கு ஈடாகாது.

பிக்சல் போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ‘பிஎக்ஸ்எல்’ என்று தொடங்கும் கோப்புப் பெயரில் வரும் நேரம் இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பெயரில் 0145 என்றிருந்தால் நம் கடிகாரத்தில் காலை 7.15. அதிகாலை 5.30க்கு முன் எடுத்த படத்தின் பெயரில் முந்தைய நாள் தேதிதான் இருக்கும். சூரிய உதயம் பார்க்கக் கிளம்பிய படமெல்லாம் முந்தைய நாளில் போய்ச் சேர்வது இதனால்தான். தனியாகக் கேமரா கொண்டுபோனவர்கள் அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். போன் தானாக மாறிக்கொள்ளும், கேமரா மாறாது.

தேதியே இல்லாத படம் வந்தால் படத்துக்குள் இருப்பதைப் பாருங்கள். நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த தண்டு தெரிந்தால் அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் எடுத்த படம், வேறெங்கும் அந்தப் பல்தண்டு இல்லை. அந்த ஏற்றத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். எனவே பெட்டி முன்னாலும் புகை பின்னாலும் இருந்தால் ஏறும்போது எடுத்தது. குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள். டீசல் இன்ஜின் மாட்டிய ரயில் என்றால் குன்னூருக்கு மேலே என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். கடைப் பலகை, சுவரொட்டி, கோயில் அலங்காரம், யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பது வரை எல்லாம் உதவும். சட்டைதான் பெரும்பாலும் தீர்ப்பு சொல்லும்.

தேதி உறுதியானதும் கணினியில் நாளுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயரை 2025-05-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள். நாம் வழக்கமாக எழுதும் 09-05-2025 முறையில் வைத்தால் மே 9க்கு அடுத்து ஜூன் 9 வந்து நிற்கும்.

புத்தகம்

நூலகத்தில் எடுத்த புத்தகம் என்றால் திருப்பிக் கொடுக்கும் முன், ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்தும் நூலகமாக இருந்தால் உங்கள் தேதிக்கு மேலே முன்னால் எடுத்தவர்களின் தேதியும் இருக்கும், சில புத்தகத்தில் பத்து வருட இடைவெளி தெரியும். கிண்டில் கருவியில் படித்தவர்கள் அதைக் கணினியில் செருகினால் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற கோப்பு கிடைக்கும். நீங்கள் கோடிட்ட ஒவ்வொரு வரியும் தேதி, நேரத்தோடு அதில் இருக்கும். காகிதப் புத்தகத்துக்கு அந்த வசதியில்லை. பக்க அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட்டே சாட்சி, உதறிப் பாருங்கள்.

நோட்டில் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள், அது பின்னட்டையிலேயே இருக்கிறது. எழுத வேண்டியது: எங்கே உட்கார்ந்து படித்தது, எந்தப் பக்கத்தில் நின்றது, யாருக்குக் கைமாறியது, அப்படியே பார்த்து எழுதிய மூன்று வரி. பாதியில் விட்ட புத்தகத்துக்கும் இடம் கொடுங்கள். ‘87ஆம் பக்கம், தென்காசி ஸ்டேஷன், இதற்கு மேல் முடியவில்லை’ என்பது முடித்த புத்தகத்தைப் பற்றி ‘அருமை’ என்று எழுதுவதைவிட நூறு மடங்கு தகவல். குழந்தைகளுக்குப் படித்துக் காட்டியதும் கணக்கில் சேரும். யார் படித்தார், எத்தனையாவது தடவை என்று மட்டும் குறித்தால் போதும்.

படமும் தொடரும்

தியேட்டர் டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கியிருந்தால் மின்னஞ்சலில் நாள், காட்சி, இருக்கை எண் எல்லாம் கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸில் ஆப்பைவிட பிரவுசரே இதற்கு வசதி. கணக்குப் பக்கத்தைத் திறந்து, உங்கள் புரொஃபைலுக்குள் பார்த்தவற்றின் பட்டியலுக்குப் போங்கள். அடியில் மொத்தத்தையும் டவுன்லோடு செய்யும் வசதி இருக்கிறது. எக்செலில் திறந்தால் பெயர், தேதி என்று இரண்டே பத்தி. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். யூடியூபில் ஹிஸ்டரியை நிறுத்தி வைத்திருந்தால் அந்த நாட்களில் பார்த்தது ஒன்றும் பதிவாகியிருக்காது.

இந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே தேதியில் ஏழு எபிசோடு இருந்தால் ஏழையும் பார்த்ததாக அர்த்தமில்லை, யாரோ டிவி முன் தூங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கே ஒரு புரொஃபைல் என்றால் பாதி கார்ட்டூனாக இருக்கும். சேனலில் ஓடிய பழைய படம் எந்தப் பட்டியலிலும் வராது. கோடையில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டு எல்லோருமாகப் பார்ப்பது அதுதான். அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். படத்துக்கு மதிப்பெண் போடுவதற்குப் பதில் யாரோடு பார்த்தது, எந்த இடத்தில் கரண்ட் போனது, யார் முன்கூட்டியே முடிவைச் சொல்லித் திட்டு வாங்கியது என்று எழுதுங்கள்.

கேட்டு எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்கால் மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்து, போனில் குரல் பதிவை ஓட விடுங்கள். ‘எது ரொம்பப் பிடிச்சிருந்தது?’ என்று கேட்டால் ‘எல்லாமே’ என்ற பதிலோடு முடிந்துவிடும். ‘ஜன்னலோரம் யார்?’, ‘ஓட்டலில் எது தீர்ந்துபோச்சுன்னு சொன்னாங்க?’, ‘செருப்பு எங்க விட்டோம்?’ என்று கேட்டால்தான் வாய் திறக்கும். பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். பெரியவர்கள் ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். அம்மா மழை என்கிறாள், சித்தப்பா வெயில் என்கிறார் என்றால் பஞ்சாயத்து வேண்டாம், இரண்டையும் பெயரின் முதலெழுத்தோடு எழுதிவையுங்கள்.

ஒரு நாளுக்கு நாற்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மாதிரி ஒன்று:

‘மே 9, வெள்ளி. மேட்டுப்பாளையம், காலை 7.10 ரயில். ஹில்குரோவில் பாட்டி கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டோடு குரங்கு போய்விட்டது. புத்தகம்: 112 முதல் 140 வரை, குன்னூரில் மூடியது. இரவு லாட்ஜ் டிவியில் படம், இடைவேளை வரை.’

நாற்பதைத் தாண்டி எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாளிலேயே கை ஓய்ந்து நோட்டு நின்றுபோகும். இப்படிப் பாதியில் நிற்கும் நோட்டுகளில் முதல் இரண்டு பக்கமும் கட்டுரை போல நெருக்கி எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

பிரிண்ட்

நாளுக்கு மூன்று படம் போதும்: ஓர் இடம், ஓர் ஆள், ஒரு பொருள். பொருளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விலைப்பலகை, இலையில் பரிமாறியது, லாட்ஜ் சாவி, இதெல்லாம் பத்து வருடம் கழித்து அருவிப் படத்தைவிட அதிகம் பேசும்.

4×6 அங்குல பிரிண்ட் கூர்மையாக வர 1200×1800 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படத்தில் 3000×4000 இருக்கும், கவலையில்லை. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது நீளவாக்கில் 1600 பிக்சல் அளவில் இருந்தால் 4×6க்குச் சமாளிக்கும், ஏ4க்குப் பெரிதாக்கினால் முகம் குழைந்துவிடும்.

கடைக்காரர் கேட்காமல் செய்யும் தப்பு வேறொன்று. போன் படம் 4க்கு 3 விகிதம், பிரிண்ட் தாள் 6க்கு 4. தாளை நிரப்பினால் கிடைமட்டப் படத்தின் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். மேலே கால், கீழே கால். குரூப் போட்டோவில் உயரமானவர் தலை போவது இப்படித்தான். ‘வெட்டாமல் முழுப்படமும் வரணும், ஓரம் வெள்ளையா இருந்தா பரவாயில்லை’ என்று சொல்லிக் கொடுங்கள். 4 அங்குல உயரத்துக்குப் படத்தின் அகலம் 5.33 அங்குலம்தான் ஆகும், இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கு அங்குலம் காலி கிடைக்கும். தேதி எழுத அளவெடுத்த இடம். மேட் தாளில் கேளுங்கள். பளபளக்கும் தாளில் எழுதினால் மை காயாமல் இழுபடும். பிரிண்டின் பின்பக்கம் பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும்.

நோட்டும் பசையும்

கோடு போடாத, தைத்து பைண்டிங் செய்த லாங்சைஸ் நோட்டு வாங்குங்கள். பசையில் மட்டும் ஒட்டிய பைண்டிங் நாலைந்து படம் ஏறியதும் முதுகு பிளந்துகொள்ளும். ஒட்ட ஒட்ட நோட்டு வாய் பிளக்குமே, அதற்கு மருந்து இருக்கிறது: மூன்று தாளுக்கு ஒரு தாளை, முதுகிலிருந்து ஒன்றரை செ.மீ. விட்டுக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சிய துண்டு, படங்களின் தடிமனுக்கு முதுகில் ஈடு கொடுக்கும். தாளைப் பிடுங்கினால் தையலின் மறுபக்கத்துத் தாளும் சேர்ந்து கழன்றுவரும், வெட்டத்தான் வேண்டும்.

படத்தை முழுதாகப் பசை தடவி ஒட்டாதீர்கள். ஈரத்தில் பக்கம் சுருங்கி அலை அலையாகும், பிறகு படத்தை எடுக்கவும் முடியாது. காகித மூலை வெட்டிக்கொள்ளுங்கள். 3 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத் துண்டு. நீளப் பக்கம் மேலே இருக்க, மேல் மூலை இரண்டையும் கீழ்விளிம்பின் நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை வரும். படத்தின் மூலையை அந்தப் பைக்குள் செருகி, மடிப்பு வரும் பக்கத்தில் மட்டும் பசை வைத்து நோட்டில் ஒட்டவும். நாலு மூலைக்கு நாலு துண்டு.

டிக்கெட் ஜெராக்ஸுக்கு குளூ ஸ்டிக் போதும். செலோடேப் சில வருடத்தில் பழுத்து, அடியில் மஞ்சள் கறையை விட்டுவிட்டு உதிரும். மைதா பசை செய்ய ஆசைப்பட்டால் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 200 மில்லி தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கண்ணாடிப் பதம் வரும் வரை கிளறுங்கள். ஆனால் மாவுப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவது அதனால்தான். அது விஷம், சின்னப் பிள்ளைகளும் கைவைக்கும் நோட்டில் வேண்டாம்.

எழுத பால்பாயின்ட் அல்லது பென்சில். நீரில் கரையும் ஜெல் மை ஐப்பசி ஈரத்தில் எதிர்ப் பக்கத்துக்கு ஊறிவிடும். இரண்டு பிரிண்ட் முகத்தோடு முகம் பார்க்கும் பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரியும். சுவரையொட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், ஈரம் அங்கேதான் ஏறும். வசம்புத் துண்டு இரண்டைத் துணியில் கட்டிப் பக்கத்தில் போடலாம்.

போட்டோ கோப்புகளை பென்டிரைவ் ஒன்றிலும் வேறு ஓரிடத்திலும் வையுங்கள். கூகுளின் இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயிலும் அதற்குள்தான். போனில் இடம் காலி பண்ணுகிறேன் என்று கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் படத்தை டெலிட் செய்தால் மேலே ஏற்றிய பிரதியும் சேர்ந்து போகும். போனில் இருப்பதை மட்டும் நீக்க ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாக இருக்கிறது. தவறி அழித்தால், பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் எடுத்துவிடுங்கள்.

கடைசி நாலு பக்கத்தைக் காலியாக விடுங்கள். சூட்கேஸை அடுத்த தடவை பரணிலிருந்து இறக்கும்போது லைனிங்குக்குள்ளிருந்து இன்னொரு டிக்கெட் விழும்.